டிஸ்லெக்சியா: பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டுமா?

ஒரு முறை கேட்ட கதையை அப்படியே திரும்பச் சொல்வான். கடையில் மீதிச் சில்லறையை மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். ஆனால், பாடப் புத்தகத்தை விரித்தால் இரண்டு வரி தாண்ட மாட்டான். 'கெ' எழுதச் சொன்னால், கொம்பை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் விழிப்பான். இப்படிப்பட்ட பிள்ளைகள் பல வகுப்பறைகளில் உண்டு. ரேங்க் கார்டில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரே வரிதான்: 'கவனம் போதாது.'

அது டிஸ்லெக்சியாவாகவும் இருக்கலாம். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும் சிரமம் இது. அறிவுக் குறைவு அல்ல. டியூஷனை இரட்டிப்பாக்கினாலோ, அடித்தாலோ சரியாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தது. மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில், எது முன்போ அப்போதே ஆசிரியர்கள் இதைக் கவனித்துக் கண்டறிய வேண்டும் என்றது 2018-ல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல்.

ஆனால், பல பெற்றோர் இந்தப் பெயரையே ஒன்பதாம், பத்தாம் வகுப்பில்தான் கேள்விப்படுகிறார்கள். பொதுத்தேர்வு நெருங்கும்போது சான்றிதழுக்காக அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் அவசியம்தான். ஆனால், அவை தேர்வு எழுத உதவுமே தவிர, வாசிக்கக் கற்றுத்தராது. அதற்குள் 'நான் மக்கு' என்று பிள்ளையே நம்பத் தொடங்கிவிடுகிறது.

முதலில் உதவி, பிறகு சான்றிதழ்

சான்றிதழ் வந்தால்தான் உதவி என்ற வரிசை மாற வேண்டும். எழுத்தை மணலில் விரலால் எழுதிப் பழக்கலாம். ஒவ்வொரு எழுத்தையும் ஒலியோடு சேர்த்துச் சொல்லித்தரலாம். பதிலை வாய்மொழியாகக் கேட்கலாம். எல்லோர் முன்னிலும் சத்தமாக வாசிக்கச் சொல்வதைத் தவிர்க்கலாம். இதற்கெல்லாம் எந்த டாக்டரின் கையெழுத்தும் தேவையில்லை.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் மட்டுமே இதைச் சுமக்க முடியாது என்பதும் உண்மை. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். வகுப்பாசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

பெற்றோரும் தொடங்கலாம். பிள்ளை எந்த எழுத்தில், எந்தச் சொல்லில் தடுமாறுகிறது என்று ஒரு மாதம் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அந்த நோட்டுடன் வகுப்பாசிரியரைப் பாருங்கள். 'சரியாகவே படிக்க மாட்டேங்கிறான்' என்ற புகாரைவிட, அந்த நோட்டு ஆசிரியருக்கு அதிகம் சொல்லும்.