கேபிளா, டிஷ்ஷா?

வீட்டில் தொலைக்காட்சி இருக்கலாமா, கூடாதா என்று நம் ஜமாஅத்துகளில் வாதிட்ட காலம் ஒன்று இருந்தது. பெரும்பாலான இல்லங்களில் இன்று அந்த வாதம் ஓய்ந்து, பெட்டி நடுக்கூடத்தில் அமர்ந்துவிட்டது. சங்கராபுரத்தில் மதரஸாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இப்போது என்னிடம் கேட்பது வேறொரு கேள்வி: "ஹஜ்ரத், கேபிளே இருக்கட்டுமா, டிஷ் வாங்கலாமா?"

மார்க்க விளக்கம் கேட்க வேண்டியவரிடம் இதைக் கேட்கிறார்களே என்று நான் நகைப்பதில்லை. ஒரு குடும்பத்தின் மாலைப் பொழுதும் மாதச் செலவும் இதில் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைபெற்ற செயற்கைக்கோள்களிலிருந்தே சேனல்கள் வருகின்றன. கேபிள்காரர் அவற்றைப் பெரிய டிஷ்களில் வாங்கி, கம்பி வழியே வீடுகளுக்குப் பங்கிடுகிறார். டிஷ் வைத்தவர் தம் மாடியிலேயே நேராக வாங்கிக்கொள்கிறார். பொதுக் குழாயில் நீர் பெறுவதற்கும் சொந்தக் கிணற்றில் இறைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள். அதன் பிறகு நெடுங்காலம் அரசின் ஒளிபரப்பு ஒன்றே கதியாக இருந்தது. 1991 வளைகுடாப் போருக்குப் பின் கேபிள் கம்பிகள் ஊர்தோறும் பரவின. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. 2003இல் நேரடி டிஷ் சேவை இந்தியாவில் கால் பதித்தது. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபின் ஏழை வீடுகளிலும் பெட்டி வந்தது. 2011இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தபோது நம் இல்லங்கள் பலவும் நிம்மதி அடைந்தன.

இனி மழையைப் பார்ப்போம். வீட்டு மாடியிலுள்ள சிறிய டிஷ் பெறும் அலைவரிசையைக் கனமழை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கல்வராயன் மலைப்பக்கம் மேகம் இறங்கிப் பொழியும்போது படம் உறைந்து நின்று, மழை தணிந்ததும் தானே திரும்பும். கேபிள்காரரின் பெரிய டிஷ்களில் பல, மழைக்கு அவ்வளவாக அஞ்சாத வேறு அலைவரிசையில் இயங்குபவை. ஆயினும் ஒரு மரக்கிளை கம்பிமேல் விழுந்தால் தெரு முழுவதும் படம் நின்றுவிடும். மின்தடையின்போது நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. வழியிலுள்ள கேபிள் கருவிகளுக்கும் மின்சாரம் வேண்டுமே! வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துத் தனி வீடுகளுக்கோ கம்பி இழுப்பதே கடினம். அங்கே டிஷ்தான் வழி.

செலவு விஷயத்தில் மக்கள் நினைக்குமளவு வேறுபாடு இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் ஆணையத்தின் விதிகள் இரண்டுக்கும் பொதுவானவை. அப்போது 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாய். வரியுடன் 153 ரூபாய் 40 காசு. 2020இல் அதே தொகைக்கு 200 சேனல்கள் என்றாயிற்று. 2024இல் உச்சவரம்பே நீக்கப்பட்டதால், இப்போது விலையைக் கேட்டறிந்தே முடிவு செய்ய வேண்டும். கட்டணச் சேனல்களைத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தனித்தனியாகவும் கேட்டுப் பெறலாம். ஒரு வாரம் உங்கள் வீட்டில் உண்மையில் பார்க்கும் சேனல்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் இரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். மற்றவற்றுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? விரயம் விரயம்தானே!

இவையெல்லாம் கணக்குகள். கணக்கில் சேராத ஒன்றை எனக்கு உணர்த்தியவர் எங்கள் பகுதியில் வாழும் ஒரு மூதாட்டி. அவருடைய புதல்வர்கள் இருவரும் வளைகுடாவில் இருக்கிறார்கள். விடுமுறையில் வந்த மூத்தவர், தாயின் தனிமைக்குத் துணையாகட்டும் என்று பழைய கேபிளைத் துண்டித்து, புதிய டிஷ் மாட்டிச் சென்றார். கட்டணத்தைக் கைப்பேசியிலேயே அங்கிருந்து செலுத்திவிடலாம். தாய்க்குத் தொல்லையில்லை என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான்.

ஒருநாள் அஸ்ருக்குப் பின் அந்த அம்மையார் மதரஸா வாசலுக்கு வந்தார். "பெட்டியில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வந்து நிற்கிறது ஹஜ்ரத். நாலு நாளாகிறது. மழையாக இருக்கும் என்று இருந்துவிட்டேன்" என்றார். சென்று பார்த்தேன். ரீசார்ஜ் முடிந்திருந்தது, அதைத்தான் திரை சொல்லிக்கொண்டிருந்தது. மகனுக்குச் செய்தி அனுப்பியதும் சில நிமிடங்களில் படம் வந்துவிட்டது. "மகனிடம் சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றேன். "வேலையில் இருக்கும் பிள்ளையிடம் போய் டிவி தெரியவில்லை என்று சொல்வதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தேன். கடல்கடந்து பணம் செலுத்தலாம் என்பது டிஷ்ஷின் சிறப்பு. அதனாலேயே அந்த வீட்டு வாசலுக்கு எவரும் வர வேண்டிய தேவையில்லாமல் போயிற்று என்பது அதன் குறை. கேபிள் இருந்த நாளில் மாதந்தோறும் பணம் வாங்க ஒரு இளைஞர் வருவார். படம் தெரிகிறதா என்று கேட்பார், ரிமோட்டில் எண்ணை வைத்துக் கொடுப்பார், "சாப்பிட்டீர்களா அம்மா?" என்றும் கேட்பார். இதை மகனிடம் எடுத்துச் சொன்னபோது அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். மறுமாதமே கேபிள் மீண்டும் வந்தது.

ஆகவே எல்லார்க்கும் கேபிளே நன்று என்று நான் சொல்லவில்லை. ஆண்கள் வெளியூரில் இருக்க, அறிமுகமற்றவர் அடிக்கடி வீட்டுக்குள் வருவதை விரும்பாத குடும்பத்திற்கு டிஷ் பொருத்தமாகலாம். ஆனால் காற்றில் அது திசை மாறினால் மாடியேறித் திருப்புபவர் யார் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். அடிக்கடி வீடு மாறுபவர்க்கும் மலைக்கிராமத்தார்க்கும் டிஷ். முதியோர் தனித்திருக்கும் இல்லத்திற்கு, ஆள் வந்துபோகும் கேபிள். பிள்ளைகள் உள்ள வீட்டில் எதுவாயினும் சரி, வேண்டாத சேனல்களுக்குப் பூட்டுப் போடும் வசதியைக் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது அணைப்பது யார் பொறுப்பு என்பதையும் சொல்லிவையுங்கள். அந்த வேலையைக் கம்பியும் செய்யாது, டிஷ்ஷும் செய்யாது.

நம் மார்க்கம் கற்றுத்தந்த மஷூரா திருமணத்திற்கும் வியாபாரத்திற்கும் மட்டுமன்று, இத்தகைய சிறு காரியங்களுக்கும் உரியது. சம்பாதிப்பவர் தனியே கடைக்குச் சென்று முடிவெடுத்து வராமல், வீட்டாரை அமர்த்திப் பேசட்டும். பெட்டியின் முன் அதிக நேரம் அமர்ந்திருப்பவர் யாரோ, அவரிடம் முதலில் கேட்கட்டும். பெரும்பாலும் அது வீட்டிலேயே மிக மூத்தவராக இருப்பார். நாம் கேட்காமல் அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார்.