சலேத் மாதாவின் அழுகை

வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் மலைச்சாலையும் பழனியிலிருந்து வரும் சாலையும் பெருமாள்மலையில் வந்து சேர்கின்றன. கொடைக்கானலுக்குப் போகிற பலர் இங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆனால் இழப்பைப் பற்றி யோசிக்க இந்தப் பழனி மலைத்தொடரைப் போல் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இதன் சரிவுகளில், தாண்டிக்குடி, பேத்துப்பாறை போன்ற ஊர்களின் ஓரங்களில், கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைப் பாறைகளைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பாறையை மூடியாக ஏற்றிவைத்த அறைகள். இறந்தவர்களின் நினைவாக இரும்புக் கால மக்கள் எழுப்பியவை. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியோடு தொடர்புடைய இயேசு சபைக் குருக்கள் ஆங்லேட், நியூட்டன் இருவரும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அந்தப் பாறைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் என்ன நம்பினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. பாறையின் எடைதான் சான்று. இறந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

கொடைக்கானல் என்ற ஊர் பிறந்ததும் சாவின் நெருக்கடியில்தான். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரைக்கு வந்து ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்களை விடவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் மனைவியை, கணவரை, குழந்தையைப் புதைக்க நேர்ந்தது. முதலில் சிறுமலைக்கு ஏறிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் இருந்தது. பிறகுதான் பழனி மலையின் உச்சிக்கு வந்து 1845இல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். இதை விசுவாச வீரத்தின் கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதே காலராவில் சமவெளியில் செத்துக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஏறிப்போக மலை இருக்கவில்லை. மலைச்சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் நோயாளிகளையும் குழந்தைகளையும் டோலியில் தூக்கி ஏறியவர்கள் உள்ளூர்க் கூலிகள். வெள்ளைக்காரரின் கல்லறைகளில் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, வேத வசனம் இருக்கிறது. தூக்கிவந்த தோள்களுக்குக் கல் கிடையாது. கிறிஸ்தவ நம்பிக்கை இழப்பில் தரும் ஆறுதலைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டு வகைச் சாவுகளையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆறுதல் என்று பேசத் தொடங்கியதுமே சொல் தகராறு வந்துவிடுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் நிலைத்திருப்பவை என்று மூன்றைச் சொல்கிறார். சீர்திருத்தச் சபையினரின் பழைய தமிழ் வேதாகமத்தில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் திருவிவிலியத்திலோ நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒரு சபை இரண்டாம் இடத்தில் வைத்த சொல்லை இன்னொரு சபை முதலிடத்துக்கு நகர்த்திவிட்டு, காலியான இடத்துக்கு ‘எதிர்நோக்கு’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. முதலில் கேட்கும்போது செயற்கையாகத்தான் ஒலிக்கிறது. யோசித்துப் பார்த்தால் இழப்பில் இருப்பவருக்கு இதைவிடச் சரியான சொல் அகப்படாது. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற எண்ணத்துக்கு நாம் அன்றாடம் நம்பிக்கை என்று பெயர் சொல்கிறோம். இறந்த பிள்ளை திரும்பி வராது என்று தெரிந்த தாயிடம் அந்தப் பொருளில் நம்பிக்கை பேசுவது கொடுமை. எதிர்நோக்குவது என்றால், கையில் இன்னும் வராத ஒன்றின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருப்பது. கண்ணீர் வழிய வழியவும் அதைச் செய்யலாம்.

கண்ணீரை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், நம் சபைகளிலேயே அதை அடக்கச் சொல்லும் பழக்கம் வேரூன்றியிருப்பது. சாவு வீட்டில் பெட்டியின் அருகே நின்று, ‘அழாதீங்கம்மா, கர்த்தர் எடுத்துக்கிட்டார், சாட்சியா நில்லுங்க’ என்று சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது வேதத்தின் வழி அல்ல, தமிழ்க் கிறிஸ்தவ மரபின் வழியும் அல்ல. லாசருவை எழுப்பப் போவது தெரிந்திருந்தும் இயேசு அவன் கல்லறையை அடையும் முன்பே அழுதார் என்று யோவான் எழுதுகிறார். சங்கீதங்களில் கணிசமான பகுதி புலம்பல். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடைசியில் கடவுள், தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் சண்டை போட்ட யோபுதான் என்று தீர்ப்புச் சொல்லி, பக்தியோடு விளக்கம் தந்தவர்களைக் கண்டிக்கிறார். வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணியில், திருமுழுக்கு யோவானாகிய கருணையன் தாய் எலிசபெத்தைக் காட்டில் அடக்கம் செய்துவிட்டுப் புலம்பும் பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. மீட்பரின் வருகையைச் சொல்லப் பிறந்தவன் அவன். அவன் வாயில் ஆறுதல் வசனம் எதையும் முனிவர் வைக்கவில்லை. உணவு தேடத் தெரியாது, காட்டு வழி தெரியாது, தனியே விட்டுப்போனாளே என்று தனக்குத் தெரியாதவற்றை அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். கேட்டு மரமும் சுனையும் பறவையும் அழுவதுபோல ஒலிக்கின்றன. இத்தாலியிலிருந்து வந்த குரு நம் கையறுநிலை மரபைத் தன் வேதத்துக்குள் அழைத்துக்கொண்ட இடம் அது. அதே நூற்றாண்டில் இலங்கையில் பணிபுரிந்த கோவாவைச் சேர்ந்த குரு யாக்கோமே கொன்சால்வெஸ் ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். இயேசுவின் பாடுகளைக் கேட்டுச் சபை கண்ணீர் விட வேண்டும் என்பதே அந்த நூலின் நோக்கம். வாய்விட்டு அழுவதை நம் மரபு வழிபாட்டின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தது.

இந்த மலையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. கொடைக்கானலின் பழைய கத்தோலிக்க ஆலயம், 1860களில் இயேசு சபைக் குரு லூயி சேன் சீர் எழுப்பியது, சலேத் மாதாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற சிற்றூர். 1846 செப்டம்பரில் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரு பிள்ளைகள், ஒரு பெண் கைகளில் முகம் புதைத்து உட்கார்ந்து அழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அழிந்துவரும் பயிரைப் பற்றியும் சாகப்போகும் குழந்தைகளைப் பற்றியும் அவள் பேசினாளாம். மாதாவுக்கு வெற்றியின் பெயர்கள், அரசியின் பெயர்கள் எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, காய்ச்சலுக்குத் தப்பி வந்தவர்களின் மலையில், அழும் தாயின் பெயரால் ஒரு கோயில் எழும்பியது. அதைக் கட்டியவர் இந்தப் பொருத்தத்தை நினைத்திருப்பாரா என்பது வேறு விஷயம். விண்ணகத்தில் இருப்பவளே இன்னும் அழுகிறாள் என்றால், மண்ணில் அழுகிறவளிடம் ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

கிறிஸ்தவம் தரும் ஆறுதலுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிகப் பலமானது பழைய வாதம்தான். மார்க்ஸ் 1844இல் மதத்தை மக்களின் அபின் என்றார். பிராய்டு 1927இல் அதை ஆசையிலிருந்து பிறந்த மாயை என்றார். வலிக்கிறவர்களுக்கு வலி தணிக்கும் கற்பனை வேண்டியிருக்கிறது, கிறிஸ்தவம் அதைத் தருகிறது, வலியின் காரணத்தைத் தேடாதபடி தூங்கவும் வைக்கிறது என்பது இதன் சாரம். பாதி உண்மை என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. உடல்நலம் குலைந்துபோனதாகச் சொன்ன தொழிலாளர்கள் நீதிமன்றமும் தெருவுமாக அலைந்தார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. அப்படிப்பட்ட குடும்பத்திடம் போய் ‘எல்லாம் தேவ சித்தம்’ என்று சொல்லும் போதகர் இருந்தால், மார்க்ஸ் சொன்னது அவர் விஷயத்தில் சரி. ஆனால் ஆசையின் கற்பனைதான் இந்த நம்பிக்கை என்றால், அது ஏன் இவ்வளவு மோசமாகக் கற்பனை செய்கிறது? பெத்லகேமில் குழந்தைகள் கொல்லப்பட்டபோது, ஆறுதலை ஏற்க மறுத்து அழும் ராகேலை மத்தேயு நினைவுகூர்கிறார். யாரும் வந்து அவளைத் தேற்றியதாக எழுதவில்லை. சிலுவையில் தொங்குகிறவர் ‘ஏன் கைவிட்டீர்’ என்று கத்துகிறார். மேலிருந்து பதில் வருவதில்லை. பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்புக்கும் நடுவே ஒரு முழுச் சனிக்கிழமை கிடக்கிறது; அன்று இரவுத் திருவிழிப்பு வரை கத்தோலிக்கத் திருச்சபை பூசையே வைப்பதில்லை. வலியை மறக்க நினைக்கும் மனம் தன் நாட்காட்டியில் வெறுமைக்கென்று ஒரு நாளை ஒதுக்கி வைக்காது. ராகேலின் அழுகையையும் எகிப்தின் அடிமைகளின் ஓலத்தையும் வாசித்து வளர்ந்த சமூகத்துக்கு, சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்பதும் ஜெபத்தில் சேர்ந்ததுதான்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதே மாதாவைத் தேடி வந்து கடற்கரையில் நின்றவர்கள், அங்கே கடை வைத்திருந்தவர்கள் அலையில் போனார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வராததை அற்புதம் என்று பலர் அன்று சொன்னார்கள். இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயங்களில் குண்டு வெடித்தபோது நிலைமை மறுபக்கம் திரும்பியது. ஆலயத்துக்கு வந்தவர்கள்தான் செத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடித்து நின்ற பிள்ளைகள் செத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடவுள் தன்னை நம்புகிறவர்களைத் தனியாகப் பிரித்துக் காப்பாற்றுகிறார் என்ற கணக்கு நிற்காது. அந்தக் கணக்கு நம்முடையதும் அல்ல. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியைக் குறிப்பிட்ட இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்க வேண்டாம் என்றார். ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. எனக்கும் விளக்கம் இல்லை. விளக்கத்தில்தான் சமாதானம் இருக்கிறது என்றால் இந்த மதம் தோற்றுவிட்டது என்றே சொல்வேன். அது வாக்களிப்பது வேறு: சாகிறவரோடு கடவுளும் அந்தச் சாவுக்குள் இறங்கினார், அங்கேயே முடிந்துபோகவில்லை என்பது. இது மெய்ப்பிக்கக் கூடியது அல்ல. நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். நான் நம்புகிறேன்.

அப்படியானால் கிறிஸ்தவர் அல்லாதவர்களின் துக்கத்துக்கு வழி இல்லையா என்று கேட்கலாம். கொடைக்கானலில் அந்தக் கேள்விக்கு ஒரு கோயிலே எதிரில் நிற்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டியவர் லீலாவதி என்ற பெயரோடு இந்து சமயத்தைத் தழுவிய ஒரு மேல்நாட்டுப் பெண். யாழ்ப்பாணத் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. இராமநாதன் 1930இல் காலமாகிவிட்டார். கைம்பெண்ணாகத்தான் அவர் முருகனுக்கு அந்தக் கோயிலை எழுப்பினார். சைவரான இராமநாதன் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு உரை எழுதியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிஷனரிகள் கிறிஸ்துவைக் கொண்டுவந்த மலையில், அவர்களைப் போலவே மேல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் தன் துக்கத்தை முருகனிடம் கொண்டுபோனார். அவருக்குக் கிடைத்த அமைதி பொய்யானது என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதற்கு அயல் கிணறு வறண்டது என்று காட்ட வேண்டியதில்லை.

என் கிணற்றில் இருப்பது என்ன என்று கேட்டால், நவம்பர் 2ஆம் தேதியைத்தான் காட்டுவேன். கல்லறைத் திருநாளுக்குப் புல்லைச் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். மலையில் வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. திரி அணைய அணைய மறுபடி கொளுத்த வேண்டியிருக்கும். அடக்கம் முடிந்து ஆண்டுகள் பல ஆன பிறகும் ஒருவரின் பெயரைச் சபை நடுவே உரக்கச் சொல்ல ஒரு நாள் இருக்கிறது. அழுகை வந்தால் பக்கத்தில் நிற்கிறவர் விலகிப்போவதில்லை. துக்கம் ஒருவர் தலையில் மட்டும் உட்காராமல் பலர் தோளில் மாறி மாறி ஏறுகிறது. சமாதானம் என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைத்தான். கத்தோலிக்கப் பூசையின் நான்காம் நற்கருணை மன்றாட்டில், கிறிஸ்துவில் இறந்தவர்களை நினைவுகூர்ந்ததும் குரு நிறுத்திவிடுவதில்லை. எவருடைய நம்பிக்கையைக் கடவுள் ஒருவரே அறிவாரோ, இறந்துபோன அவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறார். டோலி தூக்கி மலையேறியவர்களும், கல்திட்டைக்குப் பாறை நிமிர்த்தியவர்களும், அந்தப் பாறைக்குள் யாருக்காக இடம் வைத்தார்களோ அவர்களும் அந்த மன்றாட்டுக்குள் வருகிறார்கள்.