கோடையிலும் வற்றாத திருமணிமுத்தாறு

ஆடி 18, பரமத்தி வேலூர்

காவிரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. ராசிபுரம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முளைப்பாரியும் தேங்காய் பழமுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருந்தார்கள். ஆறு கரை தொட்டு ஓடியது.

இந்தத் தண்ணீர் நம்மூர் மழையில் வந்ததல்ல. குடகிலும் வயநாட்டிலும் பெய்த தென்மேற்குப் பருவமழை கர்நாடக அணைகளைத் தாண்டி, 1934 முதல் நிற்கும் மேட்டூர் அணையில் தேங்கி, அங்கிருந்து வருகிறது. ஆனால் நம் மண்ணிலேயே பிறந்து நம் மண்ணிலேயே முடியும் ஆறு ஒன்று இருக்கிறது. சேர்வராயன் மலையில் தோன்றி, சேலம் நகருக்குள் புகுந்து, இங்கிருந்து சற்றுக் கிழக்கே நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாறு. அதற்கு ஆடிப்பெருக்கு எடுப்பவர் யாருமில்லை. இந்த வருடம் அதைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை பார்த்துவிட வேண்டும்.

ஆவணி 9, ஏற்காடு

இமயமலைக்கு வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அது இன்னும் வளர்கிற மலை. இது தேய்ந்து தேய்ந்து 1,600 மீட்டர் அளவில் நிற்கிற மலை. கங்கையின் தலையில் கங்கோத்ரிப் பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு உறைந்து கிடக்கிறது. மழையற்ற கோடையிலும் பனி உருகி அந்த ஆற்றை ஓட வைக்கிறது. நமக்குப் பனி கிடையாது. ஏற்காட்டில் பெய்யும் மழை சேலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டது சோலைக்காட்டு மண்தான்.

ஒரு காபித் தோட்டத்தை ஒட்டி மிஞ்சியிருந்த சோலைக்குள் சருகை விலக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு வாரமாக மழையில்லை. ஆனாலும் மணிக்கட்டு வரை கறுப்பு மக்கு, சில்லென்று ஈரம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், கட்டடம் எழுப்ப வெட்டிய சரிவில் செம்மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். காபி வந்ததால் சோலை சுருங்கியது உண்மை. ஆனாலும் நிழல் மரங்களோடு நிற்கும் தோட்டம் இன்றைக்கும் மழையைப் பிடிக்கிறது. மரமே இல்லாமல் வழித்தெடுத்த சரிவும், பாக்சைட் தோண்டிய மேடும் பிடிப்பதில்லை.

புரட்டாசி 3, சேலம்

சுகவனேசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போனேன். இந்த ஆற்றங்கரையில் ஐந்து சிவத்தலங்கள் என்பார்கள். சேலத்தில் தொடங்கி உத்தமசோழபுரம், பில்லூர், மாவுரெட்டிப்பட்டி வழியாக நஞ்சை இடையாறு வரை. குளித்துவிட்டுக் கோயிலுக்குள் போகத் தக்க தண்ணீர் ஒருகாலத்தில் ஓடியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவே கறுப்பாக ஒரு ஓட்டம். மழை இல்லாத மாதங்களில்கூட இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேட்டூரிலிருந்து சேலத்துக்குக் குழாயில் காவிரி வருகிறது. நகரம் அதைக் குடிக்கிறது, குளிக்கிறது, துவைக்கிறது, கழுவுகிறது. மிச்சம் ஓடைகள் வழியாக இங்கே விழுகிறது. பழைய திருமணிமுத்தாறு பருவத்துக்கு ஓடிப் பங்குனியில் மணலாகக் கிடக்கும் ஆறு. கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டினால் தெளிந்த நீர் கிடைக்கும். இன்றைக்கு அது வருடம் முழுதும் ஓடுகிறது. வற்றாமல் ஓடுவதுதான் அதற்கு வந்த நோய்.

கரையோரச் சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களோடு மேய்ந்துகொண்டிருந்தன. பார்க்க அழகுதான். சேற்றுக்குள் நெளியும் செம்புழுக்களைத் தின்கின்றன. ஆக்சிஜன் அற்றுப்போன நீரிலும் பிழைக்கிற புழுக்கள் அவை. கெளுத்தி, கெண்டை ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஐப்பசி 14, மதியம்பட்டி

நேற்று இரவு மலையில் நல்ல மழை. காவிரி ஆடியில் பெருகும். இந்த ஆறு பெருகுவது ஐப்பசியில். விடிகாலையில் வந்து பார்த்தால் பாலத்தை மறைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று நுரை. ஒரு பைக் அதற்குள் போய் வெளியே வந்தது. ஓட்டியவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே போனார். கையில் அள்ளினேன். உடையாமல் நின்றது; சோப்பும் அழுகிய மாவும் கலந்த நாற்றம். வீட்டுச் சோப்புநீரும் சாயப்பட்டறைக் கழிவும் ஆற்றடியில் தேங்கிக் கிடக்கும். வெள்ளம் அதைக் கிளறித் தடுப்பில் விழுந்து காற்றோடு அடிக்கும்போது இப்படிப் பொங்குகிறது.

இன்னொரு பங்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுடையது. குச்சிக்கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் மாவு தங்கும், மேலே நிற்கும் நீர் கழிவு. அதில் கரைந்த மாவும் சர்க்கரையும் ஆற்றில் சேர்ந்ததும் நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுமுட்டிச் சாகும். சேகோ தொழில் மீது எனக்குப் பகை இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் குச்சிக்கிழங்கு விற்ற காசில்தான். அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு, வரும் வாயுவை ஆலைக்கே எரிபொருளாக்குகிறவர்கள் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். முடியாது என்று சொல்ல இடமில்லை.

ஆற்றை ஒட்டிய தோட்டத்தில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் கிணற்றைக் காட்டச் சொன்னேன். வாளியில் இறைத்து ஊற்றினார். டீத்தண்ணி நிறம்.

"தண்ணிக்குக் கொறையே இல்லீங் சாமி, வருசம் பூரா ஓடுது. ஓடி என்ன பண்ண? மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. குடிக்கறதுக்கு நாங்க காசு குடுத்துக் கேன் வாங்கறோம்."

அவர் மருமகள் குறுக்கே வந்தாள். "தென்னைக்கு உடறோமுங்க. வேறென்ன பண்றது?"

வாளி நீர் காய்ந்ததும் வாய்க்கால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. ஆறு கெட்டால் கிணறும் கெடும், பிறகு மண்.

கார்த்திகை 2, நஞ்சை இடையாறு

கடைசி இடம். சுற்றிலும் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு. ராஜா வாய்க்காலில் ஜேடர்பாளையத்துக் காவிரி ஓடுகிறது. கோயிலைத் தாண்டிப் போனால் கறுத்த நீர் காவிரியின் பழுப்பில் கலந்து, கொஞ்ச தூரம் தனியாகத் தெரிந்து, பிறகு கரைந்துவிடுகிறது. கரைந்துவிட்டதால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இங்கிருந்து கீழே மோகனூர். அங்கே எடுக்கிற காவிரியையும் நாமக்கல் குடிக்கிறது. மேட்டூரில் ஏற்றிய நீரைச் சேலம் அழுக்காக்கி, அண்டை மாவட்டத்துக் குடத்தின் தலைமாட்டில் கொண்டுவந்து விடுகிறது.

சேலத்தில் இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் கழிப்பறைத் தண்ணீரும் எந்த ஓடையில் போய் விழுகின்றன என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். மழைநீர் வடிகாலில் விழுந்தால் பாதாளச் சாக்கடை இணைப்புக்கு மனுக் கொடுங்கள். உங்கள் தெருவுக்கு அது இன்னும் வரவில்லை என்றால், எப்போது வரும் என்று வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.