நால்வர் சென்ற சேது யாத்திரை

பள்ளிக்கூடத்துக்கு அரைப் பரீட்சை விடுமுறை விட்டால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அவர்களைப் பெற்ற தாய்க்கோ வேலை இரட்டிப்பு. இவ்விரண்டையும் பற்றி எழுதாத பத்திரிகை கிடையாது. ஆனால் வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் தகப்பன் என்றொரு பிராணி இருக்கிறதே, அதற்கு விடுமுறை என்றால் என்ன என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. மேலதிகாரி மனமிரங்கிக் கொடுக்கும் பத்து நாளுக்குள் ஒரு வருஷத்துக் குடும்பத்தை அது நடத்தி முடித்தாக வேண்டும்.

என் குடும்பம் திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது; என் உத்தியோகம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நாகபுரியில் இருக்கிறது. பெரியவளுக்கு வயது ஏழு. கண்ணில் பட்ட பலகையை எல்லாம் உரக்க வாசித்து, வாசித்ததைப் பற்றி மூன்று கேள்வியாவது கேட்காமல் அப்பால் நகரமாட்டாள். சின்னவனுக்கு மூன்றரை. நான் நாகபுரிக்கு மாற்றலாகிப் போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரையில், அப்பா என்பவர் கைபேசிக்குள் வசிக்கும் நாலு அங்குல உயரமுள்ள ஆசாமி. நவராத்திரியில் அந்த ஆசாமிக்குக் கொலுவைக் காட்டினார்கள்; தீபாவளியன்று மத்தாப்பைக் காட்டினார்கள். மார்கழியில் நான் பெட்டியும் கையுமாக வாசற்படி ஏறியபோது, அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாயாரின் புடவைக்குப் பின்னால் மறைந்துகொண்டான். “அப்பா வந்திருக்கிறார், பார்!” என்று எல்லோரும் சொல்ல, அவன் மேஜைமேல் கிடந்த கைபேசியைச் சுட்டிக் காட்டி, “அப்பா அதுக்குள்ளே இருக்காரு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு வெகுநேரம் வரையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராமேசுவரம் போகலாம் என்ற யோசனை என் மனைவியுடையது. வீட்டில் இருந்தால் நான் உறவினரைப் பார்க்கவும், அவள் அடுப்பங்கரையைப் பார்க்கவுமாகவே நாட்கள் கழிந்துவிடும் என்பது அவளுடைய வாதம். என் தாயார் முதலில் தயங்கினாள். “சேது யாத்திரை அறுபது வயதுக்கு மேல் போக வேண்டியதல்லவா? இந்த வாண்டுகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பாய்?” என்றாள். அடுத்த வீட்டு அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், “பிள்ளை வேண்டும் என்று ராமேசுவரம் போவார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவதை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றாள். கடைசியில் என் தாயார் ஒரு சிறு செம்பைத் துலக்கிக் கொடுத்து, கோடி தீர்த்தம் கொண்டு வரும்படி உத்தரவிட்டு விடை கொடுத்தாள்.

திருச்சியிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டோம். புதுக்கோட்டை, காரைக்குடி எல்லாம் தயிர் சாதத்திலும் தூக்கத்திலுமாகக் கடந்தன. பானைக்கும் கடத்துக்கும் பேர்போன மானாமதுரையில் சின்னவன் கண் விழித்தான். அவனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் நகர்ந்து நகர்ந்து ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டான். அவசரப்படக்கூடாது என்று என் மனைவி கண்ணாலேயே எனக்கு எச்சரிக்கை செய்தாள்.

மண்டபம் ஸ்டேஷனைத் தாண்டியதும் இருபுறமும் நிலம் மறைந்து நீர் தோன்றிற்று. பாம்பன் பாலத்தைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்வதற்காக நான் சில விஷயங்களைச் சேகரித்து வைத்திருந்தேன். பழைய பாலம் 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. கப்பல் வரும்போதெல்லாம் அதன் நடுப்பகுதியை இரண்டாகப் பிளந்து தூக்கும்பொருட்டு, ஆட்கள் நின்று கையால் இயந்திரத்தைச் சுற்றுவார்கள். 1964-ஆம் வருஷத்துப் புயலில் அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ஒப்படைக்கப்பட்ட செப்பனிடும் வேலையை, இ. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர் 46 நாளில் முடித்துக் காட்டினார். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்படும் வரையில் ரயிலில் வந்த யாத்திரிகர்கள் அக்கரையிலேயே இறங்கிச் சாலை வழியாகத்தான் தீவுக்குள் போக வேண்டியிருந்தது. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் மேலே எழும்புகிறது.

“கிணற்று வாளி மாதிரியா?” என்று பெரியவள் கேட்டாள். இதைவிட நல்ல வர்ணனை எனக்குத் தோன்றவில்லை. சின்னவனோ பாலத்தைப் பார்க்கவே இல்லை. கீழே சென்ற ஒரு படகையும், அதிலிருந்து கை அசைத்த ஒருவரையும் பார்த்துத் தானும் கை அசைத்துக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத படகுக்காரருக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது.

இந்தத் தண்டவாளத்துக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ புறப்பட்டு நேரே தனுஷ்கோடி வரையில் சென்று, அங்கே பிரயாணிகளைக் கப்பலேற்றித் தலைமன்னாருக்கு அனுப்பிய காலம் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளரை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகே அப்பால் விடுவார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு; மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே போனவர்களும் உண்டு. அவர்களுக்குக் கைபேசி இல்லை. நாலு அங்குல அப்பாவாகக்கூடப் பிள்ளைகளுக்கு அவர்கள் தோன்றியிருக்க முடியாது. பாலத்தில் ரயில் ஊர்ந்து சென்ற அந்தச் சில நிமிஷங்களில் என் மனம் அவர்களையே சுற்றிக்கொண்டிருந்தது.

ராமேசுவரத்தில் ஜாகை பிடித்து இறங்கியதும் மழையும் இறங்கிற்று. மறுநாளும் விடவில்லை. மற்ற ஊர்களாக இருந்தால் இரண்டு குழந்தைகளை ஓர் அறைக்குள் அடைத்து வைத்துக்கொண்டு திண்டாடியிருப்போம். ராமேசுவரத்திலோ மழைக்கு ஒதுங்க மூன்றாம் பிராகாரம் இருக்கிறது. வெளிப் பிராகாரமாகிய அதில் 1,212 தூண்கள் என்று கணக்கு. சிற்ப சாஸ்திரம் தெரிந்தவர்கள் அதன் அழகைப் பற்றி நிரம்ப எழுதியிருக்கிறார்கள். மழை நாளில் குழந்தைகள் ஓடியாடுவதற்கு அதைக் காட்டிலும் சிறந்த இடம் தென்னாட்டில் இல்லை என்பதை அவர்கள் எழுத மறந்துவிட்டார்கள். பெரியவள் தூண்களை எண்ணிச் சரிபார்க்கப் புறப்பட்டாள். நூற்றுச் சொச்சத்தில் தம்பி குறுக்கே ஓடிக் கணக்கைக் கலைத்தான். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள், மறுபடி கலைத்தான். இப்படியே ஒரு மத்தியானம் போயிற்று.

கோவிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக மொண்டு ஊற்றுகிறார்கள். முதலில் அக்கினி தீர்த்தமாகிய கடலில் முழுகிவிட்டு, ஈரத்துணியோடு கிணறு கிணறாகப் போக வேண்டும். ஐந்தாவது வாளியில் பெரியவளுக்குப் பல் கிட்டிற்று. தாயும் மகளும் கரையேறிவிட்டார்கள். நான் மட்டும் பாக்கியை முடித்தேன். ஒவ்வொரு கிணற்று நீருக்கும் ஒவ்வொரு ருசி என்று சொல்வார்கள். குளிரில் நடுங்குகிறவனுக்கு ருசி எங்கே தெரிகிறது?

அன்று மாலை பிராகாரத்தில் ஒரு வயோதிகத் தம்பதியைச் சந்தித்தோம். காசியிலிருந்து கங்கை நீரைச் செம்பில் அடைத்து வந்திருந்தார்கள். அதை இங்கே சுவாமிக்கு அபிஷேகம் செய்துவிட்டு, இங்கிருந்து சேது மணலைக் கங்கைக்குக் கொண்டு போவது பழைய சம்பிரதாயம். அவர்கள் பேசியது மராத்தி; விதர்ப்பப் பிரதேசத்துக் கிராமத்தார். நாகபுரிச் சந்தையில் நான் கற்ற அரைகுறை மராத்தியில் அவர்களோடு பேசலானேன். பெரியவர் மகிழ்ந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது என் வேஷ்டியை யாரோ இழுப்பது போலிருந்தது. குனிந்து பார்த்தேன். சின்னவன் அண்ணாந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னொரு தடவை பேசு” என்றான். எனக்குத் தெரிந்த மராத்தி முழுவதையும், கறிகாய் விலை உட்பட, அவனுக்காகப் பேசித் தீர்த்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என்னோடு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மூன்றாம் நாள் வெயில் கண்டது. தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். ராமேசுவரத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். 2017-இல் அரிச்சல் முனை வரையில் சாலை திறக்கும் வரைக்கும் மணலில் தத்தளித்துச் செல்லும் வண்டிகளே கதி. இப்போது இரு கடலுக்கும் இடையே நேர்க்கோடு போட்டது போல் சாலை ஓடுகிறது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.

வடபுறத்துக் கடலைப் பெண் கடல் என்றும், தென்புறத்துக் கடலை ஆண் கடல் என்றும் உள்ளூரார் சொல்கிறார்கள்; முன்னது அமைதியானதாம், பின்னது ஆர்ப்பரிப்பதாம். ஆனால் நாங்கள் போனது வாடைக் காற்று வீசும் மாதம். வடகடல் நுரை கக்கிக்கொண்டிருக்க, தென்கடல் குளம் போல் கிடந்தது. “பெண் கடல்தானே சத்தம் போடுகிறது?” என்றாள் பெரியவள். “அது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது” என்று என் மனைவி பதில் சொன்னாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல்தான் கொந்தளிக்கும் என்று வண்டிக்காரர் ஒத்துப் பேசினார்.

பழைய ஊரின் எச்சங்களாகக் கூரையற்ற மாதாகோவிலும், ரயில்வே ஸ்டேஷனின் சுவர்களும் நிற்கின்றன. பெரியவள் பலகையை வாசித்தாள். அவளிடம் மறைக்க வழியில்லை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு வந்த ரயில், இந்த ஸ்டேஷனை நெருங்கும்போது பேரலையில் சிக்கிற்று; ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அன்றோடு போயிற்று. மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டார்கள்.

“அந்த ரயிலில் குழந்தைகள் இருந்தார்களா?” என்று கேட்டாள்.

“இருந்திருப்பார்கள்” என்றேன்.

“அவர்கள் அப்பாவும் கூட இருந்தாரா?”

என் மனைவி பேச்சை மாற்றப் பார்த்தாள். ஏழு வயதுக் குழந்தை நேராகக் கேட்கும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதே எனக்குச் சரியென்று பட்டது. “சிலருக்கு இருந்திருப்பார்” என்றேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வண்டிக்குத் திரும்பும் வரையில் விடவில்லை.

வசிக்கத் தகுதியற்ற அந்த இடத்தில் மீனவக் குடும்பங்கள் சில இன்றும் ஓலைக் குடிசை போட்டு வாழ்கின்றன. ஒரு குடிசையருகில் வயதான அம்மாள் ஒருத்தி மணலில் தோண்டிய குழியிலிருந்து கொட்டாங்கச்சியால் நீர் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடலோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. “உப்புக் கரிக்காதா, பாட்டி?” என்று கேட்டேன். “குடிச்சுப் பாருங்க தம்பி” என்று நீட்டினாள். இளநீரைத்தான் ஊற்றிக் கொடுத்துவிட்டாளோ என்று தோன்றிற்று. மழை நீர் மணலுக்குள் இறங்கி, கடல் நீரைவிடக் கனம் குறைந்ததாகையால் அதன் மேலே மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு. மேலாகத் தோண்டினால் தித்திப்பு. இரண்டு கடலுக்கு நடுவிலும் ஓர் ஊர் இருந்ததன் ரகசியம் இதுதான்.

“வா ராசா, நீயும் தோண்டு” என்று பாட்டி சின்னவனைக் கூப்பிட்டாள். அவன் தயங்கினான். பிறகு என்னைப் பார்த்து, “நீயும் வா” என்றான். நான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். இருவருமாகக் கையாலேயே தோண்டினோம். ஒரு முழம் போனதும் அடியில் ஈரம் கசிந்தது, மணல் சரிந்து மூடிற்று, மறுபடி தோண்டினோம். உள்ளங்கையளவு நீர் ஊறித் தெளிவதற்குக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவன் என் முழங்கால்மேல் சாய்ந்துகொண்டு, குழியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தான். தெளிந்த நீரைக் கொட்டாங்கச்சியில் மொண்டு, முதலில் என் வாயில்தான் ஊற்றினான். பாதி மணல். ராமேசுவரத்தில் நான் பார்த்த ருசி அது ஒன்றுதான்.

அன்று அரிச்சல் முனையில் ஸ்தம்பத்தையும், அதைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டவர்களின் கூட்டத்தையும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். மீதி மணல் நீரைத் தன் தண்ணீர்ப் புட்டியில் நிரப்பிக்கொண்டாலொழிய வரமாட்டேன் என்று சின்னவன் பிடிவாதம் செய்ததில் நேரம் போய்விட்டது.

திருச்சிக்கு வந்து சேர்ந்ததும் என் தாயார் செம்பிலிருந்த கோடி தீர்த்தத்தைப் பயபக்தியுடன் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டாள். சின்னவன் தன் புட்டியையும் நீட்டினான். அதையும் வாங்கி ஒரு வாய் அருந்திவிட்டு, “இது எந்தத் தீர்த்தமடா, கண்ணா? இதுதான் அதிக ருசியாயிருக்கிறது!” என்றாள். பெரியவள் உண்மையைச் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். அவள் தாயார் அவளை ஒரு பார்வை பார்த்தாள். “அப்பாவும் நானும் பண்ணின தீர்த்தம்” என்றான் சின்னவன். பாட்டி அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூஜை அறையில் செம்புக்குப் பக்கத்தில் புட்டியை வைத்தாள்.