பழைய ஸ்கூல் பஸ் வாங்கப் போறீங்களா?

காம்பார் பக்கம் பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கி சாப்பாட்டுக் கடையாக மாற்றலாமா என்று ஒரு தம்பி கேட்டார். தாராளமாக. ஆனால் சீட்டையும் பெயிண்டையும் பார்த்து மயங்காதீங்க, முதலில் இஞ்சின்.

மீட்டரில் கிலோமீட்டர் கம்மி என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கூல் பஸ் ஓடுவது குட்டித் தூரம். பிள்ளைகளுக்காக வாசல் வாசலாக இஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். அந்தத் தேய்மானம் மீட்டரில் ஏறாது.

காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்க. போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்க. ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்க: நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கலாம். எண்ணெய் மூடியைத் திறந்தால் பால் கலந்த தேத்தண்ணி நிறமா? கும்பிடு போட்டுட்டுக் கிளம்புங்க.

அப்புறம் தாப்பா வரை ஓட்டி, கேமரன் மலை ரோட்டில் கொஞ்சம் ஏற்றுங்க. சூட்டு முள் ஏறாமல் நின்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

பழைய இசுசு, ஹினோ என்றால் பட்டறைக்காரர்களுக்குப் பழக்கம். முன்பணம் கொடுக்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் உருமாற்ற அனுமதியைக் கேட்டுவிடுங்க.