மாற்றிப் பூட்டிய காபரேட்டர்

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது கல்குடாவில் எங்கள் தோணி உடைந்துபோனது. எஞ்சின் மட்டும் மணலுக்குள்ளிருந்து கிடைத்தது. அதன் காபரேட்டரை உப்பு தின்றிருந்தது. வேறொரு பழைய எஞ்சினிலிருந்து கழற்றியதை வாப்பா பூட்டினார். ஆணித்துளைகள் அச்சொட்டாகப் பொருந்தின. கரையில் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. நடுக்கடலில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. இன்னொரு தோணிதான் கட்டி இழுத்து வந்தது.

"ஜெட்டில இருக்கிற நம்பரைப் பார்த்தீங்களா காக்கா?" என்று மெக்கானிக் கேட்டார்.

இலக்கம் சிறிதென்றால் துளையும் சிறிது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் எரிபொருளோடு கலந்தே போகிறது. எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும், ஒயிலும் குறையும்.

அதற்குப் பிறகு யார் காபரேட்டர் கொடுத்தாலும் வாப்பா முதலில் ஜெட்டைக் கழற்றி, என்னிடம் நீட்டுவார்: "வாசி மகன்." அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது.