மதிப்பு

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது, இன்றும் மறுக்கிறது. இதை ஊர் ஊராகப் பேசுகிறவன் நான்.

ஆனால் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் அப்பாவைப் புதைக்கணும்னு சொன்னப்ப எனக்கு வாயடைச்சுப் போச்சு. என் மனைவிதான் கேட்டாள்: "சாமி, மோட்சத்துலயும் சுவரு வச்சிருக்கீங்களா?" பங்குச்சாமியார் பதில் சொல்லல. அப்பாவை இந்தப் பக்கமே புதைச்சோம்.

அன்னைக்கி ராத்திரி அவகிட்ட நான் சொன்ன ஒரே வார்த்தை: "கஞ்சியில உப்பில்ல."

நேசிப்பேன், மதிப்பேன்னு பீடத்துக்கு முன்னால வாக்குக் கொடுத்தவன் நான். ஊரிடம் மதிப்புக் கேட்கிற நாம் வீட்டில் அதைக் கொடுத்திருக்கிறோமா?

எட்டு வருசம் கழிச்சு, போன வாரம்தான் சொன்னேன்: "அன்னைக்கி நீ கேட்டியே, என்னால முடியாததை நீ செஞ்ச புள்ள."

முறத்தைத் தட்டிக்கிட்டே சிரிச்சா. "இதச் சொல்ல இத்தன வருசமாச்சாக்கும்!"